எத்தனை வகுப்பு என்று எண்ணாதீர்கள், யார் நடத்துகிறார் என்று பாருங்கள்

எங்கள் சிங்கப்பூர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை 8.30க்கு நீச்சல், 11 மணிக்கு அபாக்கஸ், மதியம் 2 மணிக்குத் தமிழ் டியூஷன், 4.30க்கு கீபோர்டு. ஞாயிறன்று ரோபோட்டிக்ஸ், அது முடிந்த கையோடு கோயிலில் தேவாரம். பையன் அப்போது தொடக்கநிலை 2, அதாவது இரண்டாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை காப்பிக் கடையில் பரோட்டாவை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனான். பக்கத்து மேசையில் இருந்த சீனத் தாத்தா சிரித்தார், நானும் சிரித்தேன், படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டேன். கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் போதும், "அப்பா, வயிறு வலிக்குது" என்று ஆரம்பித்துவிடுவான். பலதுறை மருந்தகத்தில் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை. சனி ஞாயிறில் என்ன செய்கிறான் என்று டாக்டர் சும்மாதான் கேட்டார். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

இப்போது அவன் உயர்நிலை 1 (ஏழாம் வகுப்பு), தங்கை தொடக்கநிலை 4. நடுவில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், சில வருடம் சனிக்கிழமைகளில் தொண்டூழியனாகச் சிறுவர்களுக்குக் கதை வாசித்தபோது பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் நிபுணன் கிடையாது, ஆனால் காசையும் நேரத்தையும் தாராளமாக வீணாக்கிய அனுபவம் இருக்கிறது.

முதலில் எதற்காக அனுப்புகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் அனுப்புகிறார்கள்" என்பது காரணம் ஆகாது (என் காரணம் அதுதான்). ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது: என்னால் ஆகுமா, நான் லாயக்கில்லையா? எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் இந்தப் பருவத்தின் முக்கியமான போராட்டமே இதுதான் என்றார். வீட்டில் நாம் எதைச் செய்தாலும் "என் தங்கமே" என்று கொஞ்சிவிடுகிறோம், அதனால் நம் பாராட்டுக்கு எட்டு ஒன்பது வயதுக்கு மேல் அவர்களிடம் மதிப்பு குறைந்துவிடுகிறது. பள்ளியில் மதிப்பெண் வந்துவிடுகிறது, அதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். சொந்தக்காரரும் இல்லாத, மதிப்பெண்ணும் போடாத ஒரு பெரியவர் பிள்ளையைப் பார்த்து "போன வாரத்தைவிட இன்றைக்குப் பரவாயில்லையே" என்று சொல்லும் இடம். நல்ல இளையர் நடவடிக்கை எதுவாக இருந்தாலும், காற்பந்தோ நாடகமோ சாரணரோ, உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நான் கதை வாசித்த இடத்தில் ஒரு பையன் மேசைக்கு அடியில்தான் உட்காருவான். வெளியே வா என்றால் வரமாட்டான். மூன்று வாரம் நான் மேசைக் கால்களுக்குத்தான் கதை சொன்னேன். நான்காவது வாரம் கீழேயிருந்து குரல் வந்தது: "அங்கிள், அது டைனோசர் இல்ல, டெரோசர். பறக்கிறது எல்லாம் டைனோசர் இல்ல." அவன் சொன்னது சரி. கூட இருந்த தொண்டூழிய அக்கா உடனே, "அப்ப இந்தத் தட்டுல இருக்கிற டைனோசர் புத்தகத்தை எல்லாம் நீதான் பாத்துக்கணும்" என்றார். பாராட்டவில்லை, கை தட்டவில்லை, வேலை கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் தன்னைவிடச் சின்னவர்களுக்கு அவன் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு உண்மையான ஒரு பொறுப்பைக் கொடுக்கத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார் என்பதைத் தவிர அந்த இடத்தில் விசேஷம் எதுவும் இல்லை. ஓடாத ஏர்கான்கூட ஒன்று இருந்தது.

அதனால், பணம் கட்டுவதற்கு முன்னால் போய் நின்று பாருங்கள். முன்பதிவு செய்த மாதிரி வகுப்பு வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். சாதாரண நாளில், இருபது நிமிடம், சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

பயிற்றுநருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிகிறதா? "ஏய், நீலச் சட்டை!" என்று கூப்பிட்டால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். அப்புறம், பிள்ளை எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நிற்கிறது என்று பாருங்கள். என் மகளை ஒரு காற்பந்து வகுப்பில் சேர்த்தபோது ஒருநாள் எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை பந்தைத் தொட்டாள். மீதி நேரம் முன்னால் நின்ற பையனின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே இடத்தில் தோற்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று தண்டனையும் இருந்தது. ஓடுவதே தண்டனை என்று எட்டு வயதில் பதிந்துவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை எப்படி விரும்பி ஓடும்? பருவம் முடிந்ததும் நிறுத்திவிட்டோம்.

தப்பு செய்த பிள்ளையிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கத்தினால் கெட்ட கோச், கொஞ்சினால் நல்ல கோச் என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகக் கத்துகிற ஒருவர் எங்கள் பக்கத்து நீச்சல் குளத்தில் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர், ஏனென்றால் கத்தி முடித்ததும் எப்படிச் செய்வது என்று குளத்தில் இறங்கிக் காட்டுவார். தப்பைச் சுட்டிவிட்டு அடுத்த வழியைக் காட்டுகிறாரா என்பதுதான் விஷயம்.

பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கழிவறைக்கு யார் அழைத்துப் போவார்? பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மட்டும் மூடிய அறையில் இருக்கும் நிலை வருமா? பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவார்களா, பெற்றோரையும் சேர்த்த குழுவிலா? முதலுதவி தெரிந்தவர் யார்? விளையாட்டு என்றால் தேசியப் பயிற்றுநர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஊரில் பிற்பகலில் இடி இடிப்பது அன்றாடம், மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலிலிருந்து எங்கே ஒதுங்குவார்கள் என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் வர வேண்டும். டியூஷன் நிலையம் என்றால், 10 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடம் கல்வி அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில்.

வயதைப் பொறுத்து எதிர்பார்ப்பு மாற வேண்டும். பள்ளிக்குப் போகும் முன் வகுப்பே அவசியமில்லை என்பது என் கட்சி, நூலகமும் விளையாட்டுத்திடலும் தாத்தா பாட்டியும் போதும். ஏழிலிருந்து ஒன்பது வரை பலதையும் தொட்டுப் பார்க்கட்டும், ஆனால் ஒரே சமயத்தில் ஒன்று அல்லது இரண்டு. நீச்சலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது பொழுதுபோக்கு மட்டுமில்லை, உயிர் காக்கும் விஷயம். ஸ்விம்சேஃபர் திட்டத்தில் ஆறு நிலைகள் உண்டு, பல தொடக்கப்பள்ளிகளில் உடற்கல்வி நேரத்திலேயே சொல்லித் தருகிறார்கள், அதனால் தனி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் பள்ளியில் எப்போது என்று விசாரித்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் ஏதாவது ஒன்றில் இரண்டு வருடமாவது நிற்பது நல்லது. முதல் ஆறு மாதம் எதுவும் சுவாரஸ்யம், அதற்கப்புறம் ஒரு சலிப்பு வரும், அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் கை பழகும். மிருதங்கம் கற்ற யாரையாவது கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள்.

பணத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களான மாணவர்களின் எடுசேவ் என்ற கல்விக் கணக்கில் ஆண்டுதோறும் தொடக்கநிலைக்கு 230 வெள்ளியும் உயர்நிலைக்கு 290 வெள்ளியும் வருகிறது, பள்ளி நடத்தும் வளப்படுத்தும் வகுப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், வெளி நிலையங்களுக்கு முடியாது. இந்தியராக வேலை பார்த்தால் மாதாமாதம் சம்பளத்திலிருந்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளிவரை சிண்டாவுக்கு, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகிறது, சம்பளச் சீட்டைப் பாருங்கள். 1991இல் தொடங்கிய அமைப்பு, அதன் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு. நம் காசில் நடப்பதை நாமே விசாரிக்காமல், பேரங்காடி நிலையத்தில் கடன் அட்டையை நீட்டுகிற ஆட்கள் நிறைய உண்டு, நானும் அதில் ஒருவன். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாணவர் பராமரிப்பு நிலையம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தக் கட்டணத்தில் உதவி. நான்கிலிருந்து எட்டு வயதுவரை வாசிப்புக்குத் தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட், இது 2004இலிருந்து நடக்கிறது. சமூக மன்ற வகுப்புகள், ஆக்டிவ்எஸ்ஜி விளையாட்டு நிலையங்கள் எல்லாம் தனியார் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அறிவிப்பு வந்த அன்றே பதியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்றால் தமிழ்ப்பாட வகுப்பு, வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான். தமிழில் சண்டை போடவோ கேலி செய்யவோ தெரியாது. அதற்கு இன்னொரு டியூஷன் மருந்து ஆகாது. தமிழில் ஒரு வேலை நடக்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டும். நாடகக் குழு, கோயில் தேவார வகுப்பு, சமூக மன்றத்தில் இந்திய நற்பணிச் செயற்குழு நடத்தும் பொங்கல் ஏற்பாடு, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் ஏதாவது மேடை என்று தேடினால் கிடைக்கும். இது புது யோசனையும் இல்லை. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பிறகு இங்கே எழுத்தாளர்களானார்கள். என் மகள் ஒரு பள்ளி நாடகத்தில் கிழவி வேஷம் போட்டாள். "அடி ஆத்தாடி" என்பதை எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று பாட்டியிடம் போய்க் கேட்டாள். அதற்கு முன் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" மட்டும்தான். இப்போது பாட்டி வீட்டுக்குப் போனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எதையோ ஒத்திகை பார்க்கிறார்கள், நம்மை விடுவதில்லை.

உயர்நிலைக்குப் போனதும் இணைப்பாட நடவடிக்கை, அதாவது சிசிஏ, கட்டாயம். இங்கேதான் பெற்றோர் தலையிட்டுக் கெடுப்பது அதிகம். சிசிஏவை மதிப்பிடும் லீப்ஸ் முறையில் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை என்று நான்கு பிரிவு. மொத்தத்தில் மிக நன்று என்றால் மேல்படிப்புச் சேர்க்கைக்கு 2 போனஸ் புள்ளி, நன்று என்றால் 1. அந்த 2 புள்ளிக்காகப் பிள்ளைக்குப் பிடிக்காத குழுவில் நான்கு வருடம் தள்ளுவது நியாயமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிடித்ததில் ஒழுங்காகப் போனாலே பங்கேற்பும் சேவையும் தானாக ஏறும். அதேபோல டிஎஸ்ஏ எனப்படும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை. தொடக்கநிலை 6இல் விளையாட்டு அல்லது கலைத் திறனை வைத்து இடம் கிடைத்து அதை ஏற்றுக்கொண்டால், பிறகு தேர்வு முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் வேறு பள்ளிக்கு மாற முடியாது. திறமையும் ஆசையும் இருக்கிற பிள்ளைக்கு அருமையான வழி. அதற்காகவே ஏழு வயதில் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துத் திணிப்பது, பிள்ளையை வைத்துச் சீட்டாடுகிற மாதிரி.

சீருடைக் குழுக்களை நான் முன்பெல்லாம் கேலி செய்வேன், வெயிலில் இடது வலது போடுவதில் என்ன வளர்ச்சி என்று. பையன் என்பிசிசியில், அதாவது தேசியக் காவல் மாணவர் படையில் சேர்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். விஷயம் அணிநடையில் இல்லை. உயர்நிலை 1 பிள்ளைக்கு உயர்நிலை 3 அண்ணன்தான் கற்றுத் தருகிறான், இரண்டு வருடம் கழித்து இவனே அந்த அண்ணன் ஆகிறான். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், பள்ளி வகுப்பில் எல்லாருக்கும் ஒரே வயது. மூத்தவனிடம் திட்டு வாங்கவும் இளையவனைத் தேற்றவும் பிள்ளைக்கு வேறு எங்கே வாய்ப்பு? சாரணர் இயக்கம் இங்கே 1910இலிருந்து இருக்கிறது, பெண் சாரணியர் 1917இலிருந்து, இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, சனிக்கிழமைக்குச் சட்டையை அவனே இஸ்திரி போடுகிறான். முதல் முறை காலரில் ஒரு பழுப்புத் தடம். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அது எவ்வளவு கஷ்டம் என்று அவரைக் கேட்க வேண்டும். உயர்நிலை 3இல் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்டின் ஐந்து நாள் சாகசப் பயிற்சி முகாம் வரும். இப்போதிருந்தே ஒரு இரவு தாத்தா வீட்டில், ஒரு இரவு பள்ளி முகாமில் என்று பழக்கினால் அப்போது உங்களுக்குத் தூக்கம் வரும். பிள்ளை எப்படியும் தூங்கிவிடும்.

சரி, "நான் இனிமே போகமாட்டேன்" என்று ஒருநாள் சொல்லும். சொல்லாத பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டில் விதி இதுதான்: பணம் கட்டிய பருவத்தை முடித்துவிட்டு நிறுத்தலாம், காரணத்தை மட்டும் சொல்ல வேண்டும். உடல் அசதியா, சலிப்பா, யாருடனாவது மனத்தாங்கலா, பயமா? மகள் நெட்பால் வேண்டாம் என்றபோது நான்கு நாள் பிடித்தது உண்மையான காரணம் வெளியே வர. "யாரும் எனக்கு பாஸ் பண்ணவே மாட்டேங்கறாங்க." நான் உடனே கோச்சுக்கு வாட்ஸ்அப் அடிக்கப் போனேன். மனைவி போனைப் பிடுங்கிவிட்டார். அவளே கேட்கட்டும் என்றார். இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை, நான் கோச், அவள் அவளாக. "கோச், என்னையும் நடுவுல போடுங்க, ஒரு தடவை பாருங்க." கேட்கும்போது தரையைப் பார்த்துத்தான் கேட்டாளாம், ஆனாலும் கேட்டுவிட்டாள். கோச் ஜோடிகளை மாற்றி அமைத்தார். இன்னும் அவள் சுமாராகத்தான் விளையாடுகிறாள். ஆனால் தனக்கு வேண்டியதைப் பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்கப் பத்து வயதில் கற்றுக்கொண்டாள். எனக்கு அது முப்பது வயதில்கூட வரவில்லை.

பயம் என்றால் மட்டும் பருவம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட பெரியவரின் பெயரைச் சொல்லவே தயங்குவது, திடீரென்று படுக்கையை நனைப்பது, யாரோ ரகசியமாகப் பரிசு கொடுப்பது, இதெல்லாம் தெரிந்தால் அன்றோடு நிறுத்துங்கள். முதலில் பிள்ளை சொல்வதை நம்புங்கள், விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பள்ளி ஆலோசகர் இருக்கிறார், பேட்டையில் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளே கூப்பிட்டுப் பேசுவதற்கு டிங்கிள் ஃபிரண்ட் உதவி எண் 1800 2744 788. இந்த எண்ணைப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறோம், தேவைப்படாமல் கிடக்கட்டும்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் வாயைக் கொஞ்சம் கட்டுங்கள். "ஜெயிச்சியா? கோச் என்ன சொன்னார்? ஏன் அந்தப் பந்தை விட்டே?" என்று பேருந்து நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே போனால் அந்த ஒரு மணி நேரத்தின் பலன் அங்கேயே போய்விடும். நான் இப்போது ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். பாதி மைலோ முடியும்போது தானாகப் பேச்சு வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒரு கூட்டல் கழித்தல். 5லிருந்து 13 வயதுவரை இரவில் 9 முதல் 11 மணி நேரம் தூக்கம் வேண்டும். தினமும் 60 நிமிடமாவது வியர்க்க விளையாட வேண்டும். கிட்டப்பார்வைக்கு நம் பிள்ளைகள் பேர்போனவர்கள், அதற்கு வெளியே பகல் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் நல்லது, அடுக்குமாடிக்குக் கீழே ஓடினாலும் சரி ("பந்து விளையாடாதே" என்ற பலகையை யாராவது ஒருநாள் மாற்றி எழுதினால் கோயிலில் அர்ச்சனை செய்கிறேன்). 7லிருந்து 12 வயதுவரை பள்ளி வேலை போக ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள்தான் திரை என்று சுகாதார அமைச்சு 2025இல் சொல்லியிருக்கிறது. இவற்றை முதலில் தாளில் எழுதுங்கள், பிறகு பள்ளி, வீட்டுப்பாடம், சாப்பாடு, குளியல். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த மிச்சத்தில் பாதியை வகுப்புக்குக் கொடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். சும்மா இருந்தால் கெட்டுவிடும் என்று தோன்றும், "போரடிக்குது" என்று நச்சரிக்கும், அரைமணி நேரம் தாங்கிக்கொண்டால் அட்டைப்பெட்டியைக் கிழித்து எதையாவது செய்யத் தொடங்கிவிடும்.

புதிதாக எதையாவது தொடங்குவதற்கு மார்ச் மாத ஒரு வார விடுமுறையோ ஜூன் மாத நான்கு வார விடுமுறையோ வசதி. ஒருநாள் பட்டறை, குறுகிய முகாம் என்று நிறைய நடக்கும். அதில் விட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வந்து அதை நடத்திய அண்ணனையோ அக்காவையோ பற்றித் தானாகப் பேசுகிறதா என்று கவனியுங்கள். முழுப் பருவத்துக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று கவுண்டரில் சொல்வார்கள், அன்றைக்கு மட்டும் பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பணம் கட்டும் பேநவ் வசதி இருக்கும் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு.